கலப்படமில்லாத வான்கோழி பர்கர்

வான்கோழி இறைச்சியில் கொழுப்பு குறைவு. அது தெரியாமல் அடுப்பில் போடுகிறவர்கள்தான், வாயில் வைத்தால் துணியை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்று பிறகு பறவையைக் குறை சொல்கிறார்கள். பறவையிடம் ஒரு குறையும் இல்லை. வெங்காயத்தைத் துருவி, சாற்றைப் பிழியாமல் அப்படியே சேர்க்க வேண்டும். பாலில் ஊறிய ரொட்டித்தூள் ஒரு பிடி போட வேண்டும். நெஞ்சுக்கறி மட்டும் போதாது, தொடைக்கறியும் சரிபாதி வேண்டும். பிசைகிறேன் என்று சப்பாத்தி மாவாக்கிவிடக் கூடாது. இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். நடந்ததை முழுவதும் சொல்லச் சொன்னீர்கள். முழுவதும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஊர்க்காரன் விசாரித்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுவான், மலாக்கா டவுனிலிருந்து உங்களை மாதிரிப் பொதுவான ஒரு மனிதரை வரவழைக்கலாம் என்று கோவில் கமிட்டியில் முதலில் சொன்னவன் நான்தான். என் மனைவி பவானேஸ்வரி கமிட்டியிடம் போய்ச் சொன்னது என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தும் அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினேன். ஒளிக்க ஏதாவது இருக்கிறவன் அப்படிச் செய்வானா? காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும்.

என் பெயர் குகன். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலைகளில் கான்ட்ராக்ட் கம்பெனிகள் வழியாகக் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆலையை மொத்தமாக நிறுத்திப் பழுது பார்க்கிற காலத்தில் வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஒருவர் டுவேன். அமெரிக்காவில் லூசியானா என்ற ஊர்ப்பக்கம். ஆலைக் கெந்தினில் சாப்பிட நாசி லெமாக் வாங்கினாலும், மீ கோரேங் வாங்கினாலும், சட்டைப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துத் தூவிக்கொள்வார். அதுதான் காஜுன் மசாலா. பூண்டுத்தூள், வெங்காயத்தூள், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு, சிவந்த மிளகாய், தைம், ஒரிகானோ என்று இரண்டு காய்ந்த இலைகள். நம் மசாலா மாதிரி மூக்கில் முதலில் அடிக்காது. நாக்கில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் சுடும். டுவேன் ஊருக்குப் போகும்போது மற்றவர்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு மட்டும்தான் அளவு சொல்லிவிட்டுப் போனார்.

சாஸ் என் சொந்தக் கண்டுபிடிப்பு. முட்டை மஞ்சள் கருவை அடித்துக்கொண்டே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு மயோனிஸ் எடுப்பேன். அதில் கடுகு விழுது, பூண்டு, பொடியாக நறுக்கிய ஊறுகாய் வெள்ளரி, கஸ்தூரி எலுமிச்சைச் சாறு. கடைசியில் ஒரு கரண்டி சிஞ்சாலோக். குட்டி இறாலை உப்பில் புளிக்க வைத்துப் புட்டியில் விற்பார்களே, அதுதான். மலாக்காவில் பிறந்துவிட்டு அதைச் சேர்க்காமல் விட்டால் பாவம். இதைத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் யாரும் சாஸ் போதும் என்று சொன்னதில்லை.

எங்கள் தாமான், அதாவது இந்த வீடமைப்புப் பகுதி, ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. தொழிலாளர் லயங்கள் போய்விட்டன. தோட்டத்து முனியாண்டி கோவிலும், எங்கள் தமிழ்ப்பள்ளியும் மிச்சம். பள்ளியில் வருஷத்துக்கு ஒரு முறை சிற்றுண்டி நாள் வைப்பார்கள். பெற்றோரும் ஊர்க்காரர்களும் கடை போட்டு, வருகிற பணத்தைக் கட்டட நிதிக்குக் கொடுப்பார்கள். வழக்கமாக வடை, மீகூன், அப்பம். இந்த முறை நான் கடை போடுகிறேன் என்று சொல்லி, பெரிதாக ஒரு பேனர் அடித்து, பள்ளி வேலியில் ஒரு மாதத்துக்கு முன்பே கட்டிவிட்டேன். என் படம், பர்கர் படம், கீழே கொட்டை எழுத்தில்: ‘லூசியானா கார பர்கர். கலப்படமில்லாத வான்கோழி.’

டவுனில் ஒரு சப்ளையர் உறைந்த வான்கோழி வரவழைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை போன் செய்து, கிறிஸ்மஸுக்குத்தான் சரக்கு வரும் பாஸ் என்றான். சிற்றுண்டி நாள் ஞாயிற்றுக்கிழமை.

பவானேஸ்வரி அப்போது சொன்னதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

“கோழியப் போடுங்க. நல்லா உறைப்பா குடுத்தா யாருக்குலா தெரியப்போவுது?”

வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள், தாமானில் எல்லாரும் மரியாதை வைத்திருக்கிற பெண். அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. வான்கோழி என்று எழுதிவிட்டுக் கோழியைக் கொடுப்பதற்குப் பெயர் மோசடி. பிள்ளைகள் படிக்கிற பள்ளி வாசலில் நின்றுகொண்டு மோசடி செய்ய என்னால் முடியாது. நான் அப்படி வளர்க்கப்படவில்லை. என் குணத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இனி தம்புசாமி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். எனக்குப் பக்கத்து வீடு. செம்பனை எண்ணெய்ப் பழம் ஏற்றுகிற லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் வியாதி. செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி ஒன்று காலில் ஏறி, அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. அவர் மனைவி மங்களம் அக்கா முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டார். நம் ஆட்கள் வழக்கமாகச் சேவல்தான் நேர்வார்கள். அக்கா வான்கோழியை நேர்ந்தார்.

“சேவல எல்லாரும்தான் குடுக்கறாங்க தம்பி. சாமிக்கு யாரு குடுத்ததுன்னு ஞாபகம் இருக்க வேணாமா?” என்று என்னிடமே கேட்டார்.

குஞ்சாக வாங்கி, பின்கட்டில் விட்டு வளர்த்தார். மார்பை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்து வைத்து நடக்கும். தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர் நடந்த மாதிரி இருக்கிறது என்று தம்புசாமி அண்ணன் அதற்குத் துரை என்று பெயர் வைத்தார். அண்ணன் இருமினால் அது கொக்கரிக்கும். அது கொக்கரித்தால் அண்ணன், “இருலா தொரை, வரேன்” என்பார். நேர்ந்துவிட்ட உயிரை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. வருஷப் பூசையில் முனியாண்டி முன்னால் வெட்டி, அங்கேயே சமைத்து, ஊரே சாப்பிட வேண்டும். அதுதான் முறை. அது எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். கமிட்டியின் துணைத் தலைவர் நான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணனை, புண்ணுக்கு மருந்து கட்ட, அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார் அக்கா. கார் ஏறும் முன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார்.

“தம்பி, தொரையக் கொஞ்சம் பாத்துக்க. நாய் கீய் வந்துடப்போவுது.”

சரி அக்கா என்றேன். நாய் எதுவும் வரவில்லை.

நான் யோசித்துத்தான் செய்தேன். ஆத்திரத்திலோ பசியிலோ செய்யவில்லை. எப்படியும் வெட்டப்போகிற உயிர். எப்படியும் இதே ஊர் சாப்பிடப்போகிற கறி. நான் மாற்றியது நாளையும் மசாலாவையும் மட்டும்தான். அதுவும் பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக. முனியாண்டி பிள்ளைகளின் படிப்புக்கு எதிரானவர் என்று யாரும் இதுவரை சொல்லி நான் கேட்டதில்லை. கையில் சோளத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அது என் வீட்டுச் சமையலறை வரைக்கும் தானே நடந்து வந்தது. அதற்கு என்மேல் எப்போதுமே பிரியம். கத்தியை எடுக்கும்போது முனியாண்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். அதனால் நேர்த்திக்கடனில் ஒரு பகுதியை நானே நிறைவேற்றி வைத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பவானேஸ்வரி வேலை முடிந்து வந்தபோது கறி அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கறி எங்கிருந்து என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். வந்துதான் விட்டது. அவள் மெஷினைப் பார்த்தாள், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பின்கட்டைப் பார்த்தாள், பிறகு போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கே அவளுக்குத் தெரியும். அதை அவள் உங்களிடம் சொன்னாளா?

சாயங்காலம் மங்களம் அக்கா தெருத் தெருவாகத் துரை, துரை என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். தேடுவதில் யாருக்கும் நான் பின்வாங்கவில்லை, சாக்கடைப் பாலத்துக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தேன். அக்கா கடைசியில் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். வான்கோழிக்காக அவர் அழவில்லை. “நேந்த உயிர் போச்சே, அவரு காலு என்னாவும்?” என்றுதான் அழுதார். அதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை.

கூடியிருந்தவர்களில் யாரோ, செம்பனைத் தோட்டத்துக் கொங்சிக் கொட்டகையில் இருக்கிற பங்களாதேஷ் ஆட்களைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்க வேண்டும் என்பது, பிடிக்க வேண்டும் என்றாகி, உதைக்க வேண்டும் என்பதில் போய் நின்றது. இரண்டு இளவட்டங்கள் பாராங் கத்தியோடு மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள். நான்தான் குறுக்கே நின்று தடுத்தேன். ஆதாரம் இல்லாமல் ஒரு மனிதனைத் தொடக் கூடாது, பிழைக்க வந்தவனும் தாய்க்குப் பிள்ளைதான் என்று பேசினேன். சிலர் கண்கலங்கினார்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று கலைந்தார்கள்.

ஆனால் விடிந்தால் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? குற்றமற்றவன் ஒருவன் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. துரையின் வால் இறகுகள் சிலவற்றை எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்து வைத்தேன் என்று கேட்பீர்கள். அழகாக இருந்தன, அவ்வளவுதான். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவன், போகிற வழியில் கோவிலுக்குள் நுழைந்து, முனியாண்டி கையில் இருக்கிற அரிவாளின் முனையில் அவற்றைச் செருகி வைத்துவிட்டுக் கும்பிட்டு வந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த விஷயத்தில் நான் பொய் சொன்னதாக யாராவது சொன்னால் அதை நீங்கள் கடுமையாக விசாரிக்க வேண்டும். நான் இறகைத்தான் வைத்தேன். கதையை வைத்தது ஊர்.

பூசாரி வீரப்பன் வந்து பார்த்தார், அடுத்த நிமிஷம் அவருக்கு அருள் வந்துவிட்டது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடினார். நம்பி வளர்த்தாள், நாள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை, நானே வந்து எடுத்துக்கொண்டேன் என்று முனியாண்டி அவர் வாயால் சொன்னார். தோட்டம் தோட்டமாக எத்தனையோ பேர் எத்தனையோ சேவல்களை அறுத்திருக்கிறார்கள். யாருடைய படையலையும் சாமி தானே வந்து வாங்கிக்கொண்டு போனதில்லை. மங்களம் அக்கா பூசாரியின் காலில் விழுந்தார்.

“அப்ப அவரு காலு ஆறிடுமா சாமி?”

“ஆறும்டி. நான் இருக்கேன்டி.”

அதைச் சொன்னது வீரப்பன். நான் அந்த நேரத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எப்படி வந்தது என்று பள்ளியிலேயே கேட்டுப் பாருங்கள். சாமியே ஆசைப்பட்டு வான்கோழி எடுத்துக்கொண்ட வாரத்தில் நாமும் வான்கோழி சாப்பிடுவது விசேஷம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வரிசை பள்ளிக் கேட்டைத் தாண்டிப் போயிற்று. சிலர் பர்கரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள். நெற்றியில் சாஸ் ஒட்டிக்கொண்டதைத் துடைத்துவிட்டேன். இந்த வான்கோழி எங்கிருந்து வந்தது என்று ஓர் ஆள், ஒரே ஓர் ஆள் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்கிறாள் என் மனைவி. நான் எதையும் மறைக்கவில்லை. பன்னுக்கு நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் வெளியே தெரிகிற மாதிரிதான் கொடுத்தேன்.

தம்புசாமி அண்ணன் கட்டுப் போட்ட காலோடு, குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். அக்கா சாப்பிடவில்லை, நேர்ந்த இனத்தைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் ஒன்று சாப்பிட்டு இன்னொன்று கேட்டார். வாயோரத்துச் சாஸை விரலால் வழித்து நக்கிக்கொண்டே சொன்னார்.

“குகா, இந்த மாதிரி ருசிய நான் வாழ்க்கையில பாத்ததே இல்லலா. நம்ம தொரையும் இப்படித்தான் ருசிச்சிருப்பான்.”

எத்தனையோ பேர் பாராட்டினார்கள். ஆனால் நாக்கு உள்ள மனிதன் சொல்கிற வார்த்தை வேறு. அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாஸ் ஊற்றினேன். அந்த வாரம் கமிட்டி நண்பர்கள் என்னைக் கடலோரத்து உம்பாய்க்குக் கூட்டிப் போய்ச் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்துக் கௌரவித்தார்கள். பவானேஸ்வரி வரவில்லை. அவள் நான் சமைத்ததைச் சாப்பிடுவதையும் அதற்குள் நிறுத்தியிருந்தாள். சாஸுக்குக் கிடைத்த பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை என்று நினைத்தேன். பெண்களுக்கு அது இயற்கை.

பிறகுதான் அண்ணனின் கால்விரல் விஷயம். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர், இரண்டு விரல்கள் செத்துவிட்டன, உடனே எடுத்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார். சரியாகத்தான் சொன்னார், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மங்களம் அக்கா கையெழுத்துப் போட மறுத்து, அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். சாமி வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறது, ஆறும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறது, இப்போது போய்க் கத்தியை வைத்தால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடாதா என்பது அவர் கேள்வி. அண்ணனுக்குத்தான் கொஞ்சம் பயம். இருவருமாக என் வீட்டுக்கு வந்தார்கள்.

“நீ வெள்ளக்காரங்களோட வேல செஞ்சவன். நாலும் தெரிஞ்சவன். நீ சொல்லு குகா, வெட்டிக்கவா வேணாமா? நீ சொன்னா நான் கேக்கறேன்” என்றார் அண்ணன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனமாகக் கேட்க வேண்டும். வெட்டிக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், சாமி எடுத்துக்கொண்டது பொய் என்றாகும். பொய் என்றால், இறகு எப்படி வந்தது என்று ஒரு கேள்வி வரும். ஒரு கேள்விக்குக் கதவைத் திறந்தால் அதன் பின்னால் ஒன்பது கேள்விகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழையும். நோயாளி இருக்கிற வீடு. அவ்வளவு கேள்விகளை அந்தக் குடும்பம் தாங்குமா? நான் அவர்களுடைய நிம்மதியைத்தான் நினைத்தேன்.

“சாமி காரியத்துல நான் என்னண்ணே சொல்றது?” என்றேன்.

அண்ணன் குடையை ஊன்றி எழுந்தார். பிறகு, அப்படியா, சரி என்றார். அவ்வளவுதான் பேச்சு. வெட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வாக்கியத்தில் வேண்டாம் என்ற சொல்லே கிடையாது.

அதே சமயத்தில் கோவிலில் திருப்பணி வேலை வந்துவிட்டது. முனியாண்டி பக்கத்தில் துரைக்கு ஒரு சிமெண்டுச் சிலை வைக்க வேண்டும் என்று ஊர் ஒரே குரலாகக் கேட்டது. பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேஸ்திரி வான்கோழியைக் கண்ணால் பார்த்ததில்லை. போனில் படம் காட்டினேன். இருந்தும் பழக்கதோஷத்தில் மயில் கழுத்தை வைத்துவிட்டார். முருக பக்தர்களும் இப்போது அதற்கு மாலை போடுகிறார்கள்.

அண்ணனின் கால் கறுத்துக்கொண்டு வந்தது. ஊதுவத்தியையும் மீறி வாடை வேலியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் பவானேஸ்வரி என் முன்னால் வந்து நின்றாள்.

“போய்ச் சொல்லிடுங்க. நான்தான் புடிச்சி அறுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவங்க இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க. வெரலோட போக வேண்டியது, இப்ப ஆளையே கொண்டுபோயிடும்.”

“நீயே சொல்லேன்” என்றேன்.

அவள் வாசல் வரைக்கும் போனாள். திரும்பி வந்துவிட்டாள். தாலி கட்டினவனைக் காட்டிக்கொடுக்கக் கால் வரவில்லை என்று சொல்லி அழுதாள். பாருங்கள், அவளுக்கே முடியவில்லை. என்னை மட்டும் கல்லென்று சொல்லி என்ன பயன்? சிலை திறப்பு முடியட்டும், அதன் பிறகு பக்குவமாக நானே சொல்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். நல்ல காரியம் நடக்கிற நேரத்தில் அபசகுனமாக எதையும் பேசக் கூடாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. நான் வாக்குத் தவறுகிறவன் அல்ல. தம்புசாமி அண்ணன்தான் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

விஷம் ரத்தத்தில் ஏறி, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. பாடை தூக்கியதில் முதல் தோள் என்னுடையது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்தினம் மங்களம் அக்கா வந்தார். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும் அல்லவா? கறுப்பு பீர் புட்டி, சுருட்டு, ஆட்டுக்கறிப் பிரட்டல் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டாராம்.

“கடசியில அவரு ஆச ஆசையா சாப்பிட்டது ஒன்னோட பர்கர்தான் தம்பி. படுக்கையில கெடந்தப்பகூடக் கேட்டாரு. ஒண்ணே ஒண்ணு செஞ்சி குடுக்கறியா?”

அந்த வார்த்தைக்கு மறுப்புச் சொல்ல யாரால் முடியும்? ஆனால் வான்கோழிக்கு நான் எங்கே போவது? டவுனில் இல்லை. ஜாசின் வரைக்கும் போய்க் கேட்டேன், வளர்க்கிறவர்கள் யாரும் இல்லை. கடைசியில் கோழிக்கறியைத்தான் வாங்கினேன். அதே மசாலா, அதே சாஸ். அன்று சிஞ்சாலோக் கூட ஒரு கரண்டி அதிகமாகவே போட்டேன்.

படையல் முடிந்து, காக்கைக்கு வாழை இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பின்கட்டுச் சுவரில் வைத்தார்கள். காக்கை தொட்டால்தான் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம், வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். செம்பனை மட்டையில் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றும் இறங்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லித் தீர்த்தால்தான் வரும் என்றார் வீரப்பன். ஒவ்வொருவராகச் சுவர் அருகில் போய்க் கும்பிட்டார்கள். அக்காவை நாங்க பாத்துக்கிறோம் என்றார்கள், லாரி லைசென்சை விட்டுட மாட்டோம் என்றுகூட ஒருவர் சொன்னார். காக்கை வரவில்லை. மங்களம் அக்கா தலைவிரி கோலமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“ஏங்க, ஒங்களுக்கு இன்னும் என்னாங்க கொற? யாரு என்னா செஞ்சா ஒங்களுக்கு? சொல்லிட்டுப் போங்க.”

பவானேஸ்வரி கூட்டத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குள் ஏதோ உடைந்தது. குறை என்ன என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். இனிமேலும் மறைத்தால் மனிதனே இல்லை என்று தோன்றியது. நேராகச் சுவர் அருகில் போனேன். கையைக் கூப்பினேன். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை. யாருக்கும் கேட்காத குரலில், அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அண்ணே, மன்னிச்சிடுங்க. இது வான்கோழி இல்ல. வெறும் கோழி.”

ஒரு காக்கை இறங்கி வந்தது. சோற்றைத் தொடவில்லை. பர்கரின் கறியை மட்டும் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது. கூட்டம் மொத்தமும் கதறியது. மங்களம் அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார். நீ கூப்பிட்டதும் வந்துட்டாரு தம்பி, உன்மேல அவ்வளவு பாசம் அவருக்கு என்றார். அன்று மத்தியானம்தான் பவானேஸ்வரி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனாள். ஏன் அன்றைக்குப் பார்த்து அப்படிச் செய்தாள் என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. அன்றுதான் எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது.

சரி. எழுதிக்கொள்ளுங்கள். நேர்ந்த உயிரை என் பொறுப்பில் விட்டுப் போனபோது அறுத்தது நான். அதை அதன் சொந்தக்காரருக்கே ஊட்டியது நான். அரிவாளில் இறகை வைத்தது நான். விரலை எடுக்கலாமா என்று அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது, பதில் தெரிந்தும் சொல்லாமல் அனுப்பியது நான். எதையும் மறுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன்.

மங்களம் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என்ன விசாரணை என்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்குத் துணையாகத்தான் வந்திருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் படையலில் நான் வைத்தது கோழிக்கறி என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். பாவம், தாங்க மாட்டார்.